பதினேழாம் நிலையத்துக் காட்டுப்பன்றி

ஏழு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் காட்டுப்பன்றியை யாரும் பார்த்ததில்லை. கூச்சிங்கில் படிக்கும் ஹுஸ்னா என்ற மாணவி பட்டியலில் பார்த்துவிட்டாள். பார்த்தவள் சும்மா இருக்கவில்லை, மின்னஞ்சலும் போட்டுவிட்டாள்.

கெலுகோர் ஆய்வுக்கூடத்தில் ரூபினி அதைத் திறந்தபோது காலை பத்து மணி. பினாங்கு மலைக்காட்டில் நாற்பது மரங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைய எண் கொடுத்து, எதிரே நடமாடிய உயிர்களையெல்லாம் பட்டியலிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போன வருடம் இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். படங்கள் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கும், பட்டியல் மட்டும் பொது. அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பு ரூபினி. பிழை என்று யாராவது விரல் நீட்டினால் அவளுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஹுஸ்னா மரியாதையாகவே கேட்டிருந்தாள். பதினேழாம் நிலையம். 2022 ஜூன் 18, சனிக்கிழமை. காலை 8.52 முதல் மாலை நான்கு வரை ஒரு பன்றி, இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். இது புதிய பழக்கமா, அல்லது பதிவில் கோளாறா?

ரூபினி தேதியை இன்னொரு முறை படித்தாள். அந்தச் சனிக்கிழமையை அவளுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அப்போது அவளோடு காட்டுக்குப் போய்வந்தவன் சுஜீவன். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து எல்லாரும் குமாஸ்தா. இவன் ஒருவன்தான் மேசையை விட்டுக் காட்டுக்கு ஓடி வந்தவன். வந்த புதிதில் ரூபினி அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். நாலு மாதத்தில் அந்தச் சொல் வாயில் வராமல் போனது. பெயரைச் சொல்லவும் கூச்சம். கடைசியில் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், முன்னால் போய் நின்று தொண்டையைக் கனைத்துக் காலம் தள்ளினாள்.

கேமராவைக் கட்டினால், பேட்டரி மாற்றினால், அதன் முன்னால் ஒருவர் நாலு காலில் தவழ்ந்து போக வேண்டும். விலங்கின் உயரத்துக்குக் கேமரா விழித்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான். மற்றவர்கள் கடமைக்குத் தவழ்வார்கள். சுஜீவன் உறுமிக்கொண்டே, மூக்கால் மண்ணைக் கிளறி, அட்டை கடித்தாலும் பாதியில் விடாமல் தவழ்வான். ரூபினி மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்துச் சிரித்துத்தான் மனசைக் கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் அவன் சொன்னான். "நாளைக்குப் பதினேழுக்குப் போறேன், பேட்டரி மாத்தணும். ஒன்பது மணி போல இருப்பேன். நீங்க வந்தா எனக்குப் புரியும். வரலன்னாலும் புரியும். வேற ஒண்ணும் பேச வேணாம்லா."

மறுநாள் ரூபினி புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ் ஏறி பட்டர்வொர்த் வரைக்கும் வந்தாள். காட்டுச் சப்பாத்து போட்டுத்தான் வந்தாள். தீவுக்குப் போகும் பெரிப் படகு வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. அப்பா என்ன சொல்வார், அவன் வீட்டில் என்ன சொல்வார்கள், வேலையிடத்தில் எப்படி முகம் கொடுப்பது என்று கால் நகராமல் நின்றாள். பயம்தான், வேறென்ன? நாலாவது பெரியும் போனதும் வீட்டுக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை சுஜீவன், "பேட்டரி மாத்தியாச்சு," என்றான். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் நார்வேக்குப் படிக்கப் போனான். போன மார்ச்சில் அங்கேயே கல்யாணம், முகநூலில் வந்த படத்துக்கு இவளும் ஒரு இதயம் போட்டாள்.

அரை மணி நேர வேலை, முடித்திருப்பான், இறங்கியிருப்பான், பெரிதாக ஒன்றும் நினைத்திருக்க மாட்டான். மூன்று வருடமாக ரூபினி இதைச் சொல்லிச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அவன் உண்மையிலேயே காத்திருந்தானா என்ற கேள்வியை மட்டும் கிட்டே அண்ட விட்டதில்லை.

படங்களைத் திறந்தாள்.

முதல் படத்தில் கறுப்பாக ஒரு குவியல். மழையுறை போட்ட முதுகுப்பை, அதற்குக் கீழே குனிந்த முதுகு, கட்டிக்கொண்ட முழங்கால்கள். கேமராவுக்கு முதுகைக் காட்டி, பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூலையில் மென்பொருள் எழுதியிருந்தது: காட்டுப்பன்றி, உறுதி 93 சதவீதம். தொண்ணூறுக்கு மேல் போனால் படத்தைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம் என்று விதி போட்டவள் ரூபினியேதான்.

இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்பது மணிக்குக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறான். பதினொன்றுக்கு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை மறுபடி மடித்து வைக்கிறான். பாதி யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. பாதையில் ஒரு குரங்கு வருகிறது, அதையும் எழுந்து பார்க்கிறான்.

கடைசிப் படம் நான்கு மணிக்கு. பேட்டரி மாற்றிவிட்டு, விதிப்படி, நாலு காலில் தவழ்ந்து போகிறான். அந்த ஒரு படத்தில்தான் முகம் தெரிந்தது. உறுமவில்லை, வாய் மூடியிருந்தது.

ரூபினி மேசையில் கையை ஊன்றி முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

பக்கத்து மேசை சந்திரிகா அக்கா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பசியாறலையா? மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"டேட்டா தப்புக்கா. நான் செஞ்ச தப்பு."

"தப்புன்னா திருத்திட்டுப் போலாம்லா. இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

அதற்குள் இன்னொரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. ஹுஸ்னா தன் கேள்வியை ஆய்வாளர்கள் எல்லாருக்குமே அனுப்பியிருந்தாள், அவர்களில் சுஜீவனும் உண்டு. வந்தது அவன் பதில். நார்வேயில் அது விடியற்காலை. அவன் ஆங்கிலத்தில், எல்லாருக்குமாக, சுருக்கமாகப் பதில் போட்டிருந்தான்.

"அது பன்றி இல்லை, நான்தான். பேட்டரி மாற்றப் போனேன், நல்ல மழை பிடித்துக்கொண்டது. விடும்வரை உட்கார்ந்திருந்தேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

ஆய்வுக்கூடத்து ஃபாத்தின் உடனே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாள். ஹுஸ்னா நன்றி சொன்னாள். எல்லாருக்கும் விஷயம் தீர்ந்தது.

ரூபினி பட்டியலில் அந்த நாளைத் தேடினாள். நிலைய எண்ணுக்கு அடுத்த கட்டம் மழையளவு. மலையில் வைத்த மழைமானியிலிருந்து அவளே ஒவ்வொரு நாளாக எடுத்து நிரப்பியது. ஜூன் 18: மழை 0.0.

அந்தக் கட்டம் இருப்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் எல்லார் முன்னாலும் மழையைச் சொல்லி அவளைக் காப்பாற்றியிருக்கிறான். அன்றைக்குப் 'பேட்டரி மாத்தியாச்சு' என்றானே, அதே மாதிரிதான். இதைவிட அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவனுக்கு எழுத ஆரம்பித்தாள். 'பட்டர்வொர்த் வரைக்கும் வந்தேன்' என்று ஒரு வரி அடித்தாள். நார்வேயில் இப்போது ஒரு பெண் அவனுக்குக் காப்பி கலந்துகொண்டிருப்பாள். வரியை அழித்தாள்.

மனிதர் பதிவான படங்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்து விதி. கடைசிப் படத்தில் மட்டும் விரல் ரொம்ப நேரம் நின்றது. பிறகு அதையும் சேர்த்து அழித்தாள்.

பட்டியலைத் திருத்த வேண்டியது பாக்கி. இனம் என்ற இடத்தில் காட்டுப்பன்றியை எடுத்துவிட்டு மனிதர் என்று எழுதினாள். அடுத்த கட்டம் எண்ணிக்கை. மென்பொருள் முன்பே போட்டு வைத்திருந்த ஒன்று அப்படியே இருந்தது. அதில் திருத்த எதுவும் இல்லை. இரண்டு என்று இருந்திருக்க வேண்டிய இடம் அது.