பசை போன வழி

பல்கலைக்கழக நூலகத்தில் அக்காவுக்கு வேலை. எந்த ஆராய்ச்சி எந்த ஊரில் எப்போது முளைத்தது, அங்கிருந்து எங்கே பரவியது என்று கணினியில் வரைபடமாக ஓட்டிக் காட்டுவாள். கட்டுரைக்கு ஒரு புள்ளி. உட்கார்ந்த இடத்தில் உலகத்துக் கொசுவையெல்லாம் எண்ணுகிறாள் என்று தங்கை கேலி செய்வாள்.

அன்று மருத்துவத் துறை கேட்டதற்காக, செருப்புப் பசையால் நரம்பு கெடுவது பற்றிய நாற்பது ஆண்டுக் கட்டுரைகளை ஓடவிட்டாள். முதலில் ஒரு துறைமுக நகரில் புள்ளிகள் மொய்த்தன. பத்தாண்டில் அங்கே அடங்கி, தெற்கே வேறொரு நாட்டில் கிளம்பின. பிறகு மலைகளுக்கு அப்பால். தொற்றுநோயும் இல்லையே, ஏன் இப்படி நகர்கிறது? செருப்பு ஆலைகள் இடம் மாறிய பட்டியலைத் தேடியெடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஆலை போன ஊருக்கெல்லாம் ஐந்தாறு ஆண்டு கழித்துப் புள்ளி போயிருந்தது. பட்டியலின் கடைசி வரியில் அவர்கள் ஊர். ஆலை வந்து ஐந்து ஆண்டு. ஊரின்மேல் ஒரு புள்ளிகூட இல்லை. யாரும் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கை அந்த ஆலையில்தான் செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டுகிறாள். கால் விரலெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சென்ற வாரம் சொன்னவளை, நாளெல்லாம் நின்றால் அப்படித்தான் என்று அக்காவே அடக்கியிருந்தாள்.

போட்டது போட்டபடி ஓடினாள். ஆலை வாசலில் காவலாளி மறித்தார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். தங்கை கைப்பிடியை இறுகப் பற்றி, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கி வந்தாள். அதைப் பார்த்ததும் அக்கா தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"அம்மாவுக்கு என்னக்கா?"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க. செருப்பைக் கழட்டு. குத்திப் பாக்கறேன், கண்ணை மூடிக்கோ."

அக்கா ஊக்கின் முனையைப் பெருவிரலில் அழுத்தினாள். ரத்தம் துளிர்த்தது.

"சீக்கிரம் குத்துக்கா," என்றாள் தங்கை, கண்ணை மூடியபடியே. "மேஸ்திரி திட்டுவாரு."

அன்றே நரம்பு மருத்துவரிடம் இழுத்துப் போனாள். பசையை விட்டு விலகினால் பெரும்பாலும் உணர்ச்சி திரும்பிவிடும், ஆனால் முதலில் இன்னும் மோசமாகலாம் என்றார் அவர். அப்படியே ஆனது. இரண்டு மாதம் அக்காதான் அவளைத் தாங்கி நடத்தினாள். தங்கையின் மேசையில் வேலை பார்த்த ஒன்பது பெண்களையும் வீடு வீடாகப் போய் அழைத்துவந்து காட்டினாள். ஏழு பேருக்கு நோய் இருந்தது.

எட்டாம் மாதம், தரை சில்லென்று இருக்கிறது என்று தங்கை சொன்னாள். ஏழு பேரில் ஒருத்தி மட்டும் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள்.