நூறு கிலோமீட்டர் வட்டம்

மச்சானிடம் கெஞ்சி இரவல் வாங்கிய காரின் சாவியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நின்றிருந்தேன். மனைவி சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்தாள். அது தோட்டக்காரருக்கு. விடிகாலைக் குளிரில் நடுங்கிக்கொண்டே ஆரஞ்சு பறிக்கிறார், பாவம் என்று நான்தான் ஒருநாள் சொல்லிவைத்திருந்தேன். அவரிடம் நொண்டி நாய் ஒன்று இருப்பதாகவும் சொல்லியிருந்தேன். நாய்க்கென்று மகள் ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். இதில் ஒரே ஒரு சிக்கல்தான். அப்படி ஒரு தோட்டக்காரர் கிடையாது. நாயும் கிடையாது.

"ஏங்க, முகமே சரியில்லையே. உடம்புக்கு என்ன?" என்றாள் மனைவி. ஆமாம், காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தேன். போன வாரம் தோட்டக்காரருக்குக் காய்ச்சல், இப்போது போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்ததன் பலனே இந்தப் பயணம். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்காமல் இருப்பது என்ன மனுஷத்தனம் என்று கேட்டுவிட்டாள்.

நான் குளிர்பதன லாரி ஓட்டுகிறவன். கப்பலில் வந்து இறங்கும் பழப்பெட்டிகளைத் துறைமுகத்திலிருந்து ஏற்றிக் கிடங்குகளில் சேர்ப்பது பதினான்கு வருஷ வேலை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பெட்டிகளால்தான். அதைப் பற்றி யாரும் பெருமையாகவும் பேசியதில்லை, குறையாகவும் பேசியதில்லை, இரண்டு மாதம் முன்புவரை.

மகளுக்குப் பதின்மூன்று வயது. எதையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, எங்கள் தெருவின் மேல் காம்பஸ் முள்ளை ஊன்றி ஒரு வட்டம் போட்டாள். நூறு கிலோமீட்டர். இனி இந்த வட்டத்துக்குள் விளைந்தது மட்டும்தான் வீட்டுக்குள் வரும் என்றாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். வோட்டெடுப்பில் ஒன்றுக்கு இரண்டு. தோற்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது தட்டில் நான் கொண்டுவந்த ஆரஞ்சு ஒன்று இருந்தது. அதன் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "இது இங்க வந்து சேர எவ்வளவு டீசல் எரியுது தெரியுமாப்பா?" என்றாள். எனக்குத் தெரியாதா? எரிக்கிறவனே நான்தானே!

"உங்களச் சொல்லலைங்க, பொதுவாச் சொல்றா" என்றாள் மனைவி. பொதுவாகச் சொன்னதுதான். ஆனால் குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்திவிட்டது. சோறு போடுகிற வேலை சொந்த வீட்டிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏறினால் எவனுக்குத்தான் வலிக்காது? வலித்தது. அந்த வீறாப்பில், "நான் வர்ற வழியிலேயே தோட்டம் இருக்கு. வாராவாரம் பழம் என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

சத்தியமாக வாங்கும் எண்ணத்தில்தான் சொன்னேன். முப்பத்திரண்டாம் கிலோமீட்டர் கல்லருகே ஒரு தோட்டமும் 'காய் பழம் கிடைக்கும்' என்று ஒரு பலகையும் உண்டு. முதல் வியாழக்கிழமை போய் நின்றால் கேட் பூட்டியிருந்தது. நான் கடக்கிற நேரம் அப்படி. காத்திருக்கவும் வழியில்லை, வண்டியில் ஜி.பி.எஸ். உண்டு, பத்து நிமிஷம் நின்றால் முதலாளியின் போனில் மணியடிக்கும். கிடங்கில் அடிபட்ட பெட்டிகளை ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள், அதிலிருந்து டிரைவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இருபது ஆரஞ்சு எடுத்தேன். நகத்தால் ஸ்டிக்கர்களை உரித்தேன். கொஞ்சம் மண் தடவினேன். கிடங்குக்குப் பின்னால் இருந்த புதரிலிருந்து ஒரு கை இலை பறித்துச் சாக்கில் போட்டேன். இந்த ஒரு தடவை மட்டும் என்றுதான் நினைத்தேன்.

மனைவி ஒரு சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். "பக்கத்துல விளைஞ்சதுன்னா அந்த ருசியே தனிதான்" என்றாள். முப்பது நாள் கப்பலில் குளிரில் கிடந்த பழம்! எனக்குச் சிரிப்பு முட்டியது. சொல்லிவிட்டுச் சேர்ந்து சிரித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். ஆனால் மகள் என் தோளில் சாய்ந்து, "இந்த வாரம் ஹீரோ நீங்கதாம்ப்பா" என்றாள். அவள் அப்படிச் சாய்ந்து வெகுநாளாகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் எட்டு வாரம் ஓட்டிவிட்டேன்.

நாளைக்கு அவள் பள்ளியில் நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். வட்டத்துக்குள் சாப்பிட்ட எங்கள் குடும்பத்தின் கதை. பொருள், விளைந்த இடம், தூரம், கொண்டுவந்தவர் என்று நான்கு கட்டங்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டத் தோட்டக்காரரோடு ஒரு போட்டோ வேண்டுமாம்.

வழியெல்லாம் மனைவி பின்சீட்டிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். அவருக்குப் பிள்ளைகள் உண்டா, ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்குமா. உம், உம் என்று கொட்டினேன். ஸ்டீயரிங் வேர்வையில் வழுக்கியது. பக்கத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜட்ஜம்மா கிலோமீட்டர் கற்களைப் படித்துக்கொண்டு வந்தாள். என் திட்டம் எளிமையானது. பூட்டிய கேட்டைக் காட்டுவேன். அடடா, ஊரில் இல்லை போலிருக்கிறது என்பேன். வேறு எந்தத் திட்டத்துக்கும் என்னிடம் மூளை மிச்சமில்லை.

முப்பத்திரண்டாம் கல். வண்டியை நிறுத்தினேன். கேட் திறந்திருந்தது.

"அட, திறந்துதாங்க இருக்கு!" என்று மனைவி பையை எடுத்துக்கொண்டு இறங்கியே விட்டாள். எட்டு வாரத்தில் பூட்டிய கேட்டைத்தான் பார்த்திருந்தேன், அதற்குப் பின்னால் என்ன விளைகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை முட்டைக்கோஸ். வரிசை வரிசையாக முட்டைக்கோஸ். பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. தூரத்தில் இரண்டு பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி வரப்பில் அவர்களை நோக்கி நடந்தாள்.

மகள் இறங்கவில்லை. பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் டேஷ்போர்டில் கிடந்தது.

"நீ போகல?" என்றேன்.

"நாய் இருந்தாதானேப்பா போறதுக்கு?"

நோட்டைத் திறந்தாள். முதல் வாரத்துப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஓர் இலை. "ஆரஞ்சு இலையக் கசக்கினா வாசனை வரும். டீச்சர் சொன்னாங்க. இது புல்லு மாதிரிதான் வாசனை வந்துச்சு." மூன்றாம் வாரத்தில் இலைக்குப் பதிலாக ஒரு ஸ்டிக்கர். சாக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

"அப்பவே தெரியுமா?"

தலையாட்டினாள். "நீங்களே சொல்வீங்கன்னு ஒவ்வொரு வாரமும் பாத்தேன்."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. ஐந்து வாரம் தெரிந்துகொண்டே என் எதிரில் உட்கார்ந்து அந்தப் பழத்தை உரித்துத் தின்றிருக்கிறாள். அவமானம் என்றால் இதுதான். எட்டு வரிசைகளிலும் பொருள், ஆரஞ்சு. கொண்டுவந்தவர், அப்பா. விளைந்த இடமும் தூரமும் எட்டிலும் வெறுமையாக இருந்தன.

"அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன்" என்றாள். "ஆனா நோட்டுல பொய் எழுதமாட்டேன். நீங்களே எழுதுங்கப்பா." பென்சிலை நீட்டினாள்.

உண்மையான தூரம் எனக்குத் தெரியும். பெட்டிக்குப் பெட்டி அச்சடித்த ஊர்ப் பெயரும் தெரியும். பதினான்கு வருஷமாகத் தெரியும். நூற்றுக்குள் அடங்கும் எண் ஒன்றும் தெரியும், முப்பத்திரண்டு, இதோ ஜன்னலுக்கு வெளியே கல்லிலேயே எழுதியிருக்கிறது. நோட்டை ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொண்டேன். பென்சில் முனை முதல் வாரத்தின் வெற்றுக் கட்டத்தைத் தொட்டது.

களை எடுத்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, இல்லை என்று கையை விரித்தாள். மனைவி திரும்பினாள். பக்கக் கண்ணாடியில், மடிப்புக் கலையாத ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு, முட்டைக்கோஸ்களுக்கு நடுவே அவள் வந்துகொண்டிருந்தாள்.