இரட்டைத் தாமதம்

பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு எரிச்சலே அதுதான். போர்டில் நெட்வொர்க் கேபிளைச் செருகினால் விளக்கு ஜம்மென்று எரியும். அனுப்பிய தகவலோ ஒன்றுகூட உருப்படியாக வந்து சேராது.

எங்கள் பட்டறையில் இரண்டே பேர். மின்னணு போர்டு வரைந்து பற்றவைப்பது நான். அதற்கு மென்பொருள் எழுதுவது என் தங்கை. காலையில், "என் போர்டுல குறையே இல்ல. நீ எழுதினதைப் பாரு" என்று எடுத்தெறிந்து பேசிவிட்டேன். எனக்கு வாய் நீளம்.

"இன்னைக்கு இது ஓடலன்னா என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிற அந்தப் பெரிய கம்பெனிக்கே போயிடறேன். உன்கூட மல்லுக்கட்ட முடியாது" என்று முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னால் செய்பவள். அவள் இல்லாத பட்டறையை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. போகாதே என்று சொல்ல வறட்டுக் கௌரவம் விடவில்லை.

போர்டில் இரண்டு சிப்புகள். தகவலை அனுப்புவது கன்ட்ரோலர். அதை வாங்கிக் கேபிளில் ஏற்றுவது டிரான்ஸீவர். நடுவே தகவல் கம்பிகளோடு, 'இப்போது படி' என்று சொல்லும் கிளாக் கம்பி ஒன்று. கிளாக் தகவலுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். தட்டில் சாப்பாடு விழுமுன் 'சாப்பிடு' என்றாலும் பட்டினி, தட்டை எடுத்த பிறகு சொன்னாலும் பட்டினி. அதனால் ஏதாவது ஒரு சிப்பில் மட்டும் கொஞ்சம் தாமதம் வைப்போம்; கன்ட்ரோலரில் என்றால் அது தங்கையின் மென்பொருள் வேலை.

டிரான்ஸீவர் பக்கம் ஒரு ரெசிஸ்டர் போட்டு அந்தத் தாமதத்தை நான் வைத்திருந்தேன். தங்கைக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமே என்றுதான், அவளிடம் சொல்லவில்லை. இப்போது சிக்னலை அலையாகக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தால், கன்ட்ரோலரிலிருந்து புறப்படும்போதே கிளாக் தாமதமாக வருகிறது. அடிப்பாவி, அவளும் வைத்திருக்கிறாள்! மொத்தம் இரண்டு மடங்கு தாமதம்.

சத்தம் போடாமல் ரெசிஸ்டரைக் கழற்றினேன். மறுபடி ஓட்டினோம். மறுபடியும் குப்பை. ஸ்கோப்பில் கிளாக்கும் தகவலும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே வந்தன.

"என்னடி பண்ணினே?"

"உன் சிப்புல ஏற்கெனவே தாமதம் இருக்குன்னு திரைல காட்டுச்சு. உனக்கு எதுக்குச் சிரமம்னு என்னோடதை எடுத்துட்டேன்."

"ஐயோ, நானும் கழற்றிட்டேன்டி!"

காலையிலிருந்து உம்மென்று இருந்தவள் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது.

"காலைல நான் பேசினது தப்பு. போகாதே. உன் இஷ்டம்தான்… ஆனா போகாதே" என்றேன். பற்றவைக்கும் இரும்பை எடுத்தேன். "ரெசிஸ்டரைத் திரும்ப வெச்சுடறேன். யார் இல்லாட்டாலும் போர்டு தன்னால ஓடும்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்க்கா. அது என் பக்கமே இருக்கட்டும்."

தான் எடுத்த தாமதத்தைத் திரும்பச் சேர்த்து ஒரு வரியைத் தட்டினாள். திரையில் தகவல் ஒன்றுவிடாமல் வரத் தொடங்கியது.

"உன் பக்கம் வெச்சா ஒவ்வொரு போர்டுக்கும் நீதானே உட்கார்ந்து சரிபார்க்கணும்?" என்று கேட்டேன்.

"ஆமா. தெரிஞ்சுதான் வெச்சேன்" என்றாள் தங்கை.