இருட்டில் மஞ்சளித்த பச்சை

பச்சை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று தெருவில் போனால் போதும், அது எந்த வருஷத்து வண்டி என்று அட்டைக்காரர் சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் கம்பெனி அடித்த, கறுப்போ என்று சந்தேகப்பட வைக்கிற கரும்பச்சை. அப்புறம் பல வருஷம் ஓடிய இலைப்பச்சை. அதற்குப் பிறகு கண்ணைக் குத்துகிற கிளிப்பச்சை. கடைசியில் வந்த மினுமினுப்புப் பச்சை. ஒவ்வொன்றுக்கும் கம்பெனியே பெயிண்ட் அடித்துக் கொடுத்த நிற அட்டை அவரிடம் இருந்தது, அந்தப் பெயரும் அதனால்தான் வந்தது. வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று கறுப்புத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். “என் நகையைக்கூட இந்த மனுஷன் இப்படிப் பூட்டினதில்ல” என்பாள் மனைவி.

பழைய கார் கண்காட்சிக்கு அவர்தான் நடுவர். போன வருஷம் பல் டாக்டர் ஒருவர் தன் இலைப்பச்சை வண்டியைக் கொண்டுவந்தார். “அப்பா புதுசா வாங்கினதுல இருந்து ஒரே பெயிண்ட் சார். நடுவுல ரெண்டு வருஷம் நான் வெளியூர்ல இருந்தேன். தம்பிதான் பார்த்துக்கிட்டான். ஒரு கீறல் விழ விடலையே!” தம்பி துடைக்கிற துணியும் கையுமாகப் பக்கத்தில் நின்று, பெருமை தாங்காமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அட்டைக்காரர் அட்டையை எடுத்துக் கதவின் மேல் வைத்தார். அட்டையில் மஞ்சள் தூக்கலாக இருந்தது, வண்டியில் இல்லை. பெயிண்டின் கனம் பார்க்கிற கருவியை ஒருத்தர் நீட்டினார். “என் அட்டை போதும்” என்று அதை ஒதுக்கிவிட்டு மைக்கை வாங்கினார்.

“இது கம்பெனி பச்சை இல்ல டாக்டர். யாரோ திரும்ப அடிச்சிருக்காங்க.”

மைக்கில் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஒன்றும் இல்லை. நாலு பேர் ‘அடேயப்பா, என்ன கண்ணு!’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதோடாவது விட்டாரா? “எங்கேயோ நல்லா மோதிட்டு, அதை மறைக்க முழுசா அடிச்ச மாதிரி இருக்கு” என்று தன் பங்குக்கு எண்ணெய் வேறு ஊற்றினார். கூட்டம் சிரித்தது. டாக்டர் மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, சத்தியமா இல்லண்ணே” என்றான் தம்பி. சிரிப்பு இன்னும் கூடிப்போனது.

போன வாரம்தான் வினை வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன் பூச்சி மருந்து அடிக்க பீரோவைக் காலி செய்தபோது, ஓர் அட்டை ஜன்னல் திரைக்குப் பின்னால் தங்கிவிட்டிருக்கிறது. அதே இலைப்பச்சை அட்டை. பாதியை ஒரு புத்தகம் மூடியிருந்தது. “கண்ணு எங்க வச்சிருந்தே?” என்று மனைவிமேல் எரிந்து விழுந்தபடி புத்தகத்தைத் தூக்கியவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூடியிருந்த பாதியில்தான் மஞ்சள். வெயில் பட்ட பாதி தெளிந்து, அச்சு அசலாக டாக்டர் வண்டியின் பச்சையாக இருந்தது.

அந்தக் காலத்துப் பெயிண்ட் இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும், வெளிச்சம் பட்டால் தெளியும். ஊரிலுள்ள எந்தப் பழைய பெயிண்டரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். இவர் யாரைக் கேட்பார்? எல்லாரும் இவரையல்லவா கேட்டார்கள்! வண்டி சரி, அட்டைதான் பொய். பூட்டிப் பூட்டி வைத்து, தானே கெடுத்திருக்கிறார். அவமானத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

“மைக்குல சொல்லத் தெரிஞ்சதுல்ல? நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றாள் மனைவி.

போனார். டாக்டர் அவரைப் பார்த்ததும் கையைப் பிடித்து நேராகக் கார் ஷெட்டுக்கே இழுத்துப் போனார்.

“பாருங்க சார்! பழைய பெயிண்டைத் தகரம் வரைக்கும் சுரண்டி எடுத்தாச்சு. அன்னிக்கு உங்க அட்டையை போட்டோ எடுத்தேன்ல, அதைக் காட்டிக் காட்டிக் கலக்க வச்சேன். இப்பவாவது கம்பெனி பச்சையா?”

வண்டி மஞ்சள் கலந்த பச்சையில் பளபளவென்று நின்றது. அட்டைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி... எங்க?”

“அவன் பேச்சை எடுக்காதீங்க. வண்டியை இடிச்சது போகட்டும் சார். என் முகத்தைப் பார்த்து சத்தியம் பண்ணானே, அதைத்தான் தாங்க முடியல. அன்னிக்கோட பேச்சு வார்த்தை இல்ல.”

‘நல்லாருக்கு டாக்டர்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, சீச்சீ! விழுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னார். அட்டை, பீரோ, ஜன்னல், எல்லாம். தலையைத் தூக்காமலே சொல்லி முடித்தார்.

டாக்டர் கத்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. புதுப் பெயிண்டை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி நீட்டினார். “நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க. எனக்கு வாய் வராது.”

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

“அண்ணே! நீங்களாண்ணே? நான்தாண்ணே அடிச்சேன், இடிச்சிட்டு நான்தான் பெயிண்ட் அடிச்சேன். அப்படியே வச்சுக்கங்க. என்ன வேணாலும் திட்டுங்க, பேசினா மட்டும் போதும்ணே.”

அட்டைக்காரர் போனை இன்னும் இறுக்கிக் காதில் வைத்துக்கொண்டார். டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன் இல்லப்பா” என்றார் அட்டைக்காரர். “அன்னிக்கு மைக்குல பேசினவன்.”