வேலிக்கு அப்பால் போன வேர்

மண்வெட்டி மூன்றாவது தடவையும் 'ணங்' என்று கல்லில் மோதித் திரும்பியது. கிளி விடவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஓங்கினாள். பத்து மணிக்கு அவளுடைய கணவர் தங்கராசாவின் உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். அதற்கு முன் இந்தச் செடி இந்த வளவை விட்டுப் போய்விட வேண்டும்.

ஐந்து நாளுக்கு முன், வாசற்படியில் மனுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்புலன்ஸ் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. நேற்று ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கிய அவருடைய அக்கா நல்லம்மா, அழுது களைத்த கண்ணோடு செடியைப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளினார். பால் வடிந்தது.

"இது எருக்கலையின்ர இனமெல்லே! பாழடைஞ்ச வீட்டில முளைக்கிறதை வாசலில வைச்சு வளர்த்திருக்கிறியள். நீயாவது மறிச்சிருக்கக் கூடாதே, கிளி?"

அந்தச் சொல் கிளியைப் போட்டு அரித்தது. இரவு முழுக்கக் கண் மூடவில்லை. மறிக்காமல் விட்டவள் அவள்தானே. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கிவிட்டு வரும் வழியில், ரயில் பாதையோரம் பொறுக்கிய விதையை அவர் ஊன்றியபோது, "உதென்ன களை?" என்று சிரித்ததோடு சரி.

"இந்த ஊர்ச் செடியப்பா. தண்ணியும் கேளாது, உரமும் கேளாது. உன்னை மாதிரி இல்லை" என்றார், பொல்லாத மனுசன்.

சொன்னபடியே நின்றது. இந்தக் கோடையில் ஐந்து வாரமாய் மழை இல்லை. மொன்ட்ரியால்-நோர் பகுதி முழுக்கப் புல் வைக்கோலாய்க் கிடக்க, இது மட்டும் இடுப்பளவு உயர்ந்து, இளஞ்சிவப்பாய்க் குலை குலையாய்ப் பூத்துத் தெருவுக்கே மணத்தது.

கல் பெயர்ந்தது. அடியில் வேர், பெருவிரல் தடிப்பில். இழுத்தாள். அசையவில்லை. கையால் மண்ணை விலக்கிக்கொண்டே போனாள். அது பூச்சாடிகளைத் தாண்டி, நடைபாதைக் கல்லுக்குக் கீழே புகுந்து, அந்தப் பக்கம் வெளிப்பட்டு, வேலிக்கு அடியில் மறைந்தது. எழுந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு றெனோல்ட்டின் காய்ந்த புல்லுக்குள் பதினொரு கன்றுகள்! இரண்டில் பூ வேறு.

"அம்மாடியோவ்!" என்றாள் வாய்விட்டு. மூன்று வருசமாய் இதற்கு மேலேதான் நடந்து திரிந்திருக்கிறாள்.

"பிடுங்கிப்போட்டியே?" படியில் நல்லம்மா நின்றார்.

"ஏலாது மச்சாள். வந்து பாருங்கோ."

நல்லம்மா முணுமுணுத்தபடி இறங்கி வந்தார். குழிக்குள் கைவிட்டு வேரைத் தொட்டார். அது போன வழியே வேலிவரை போய், அங்கால் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவும் தம்பி வைச்சதோ?"

"ஒரு விதைதான் மச்சாள்." கிளி கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள். "நான் மறிச்சிருந்தா அவர் இருந்திருப்பாரே?"

போக நேரமாகிறதென்று தெருவில் மகள் கஜந்தினி கார் ஹோர்னை அடித்தாள். நல்லம்மா செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்தார். வெள்ளைச் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் மண்ணைத் திரும்பவும் வேரின்மேல் தள்ளத் தொடங்கினார்.