அட்டைகளைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

பெண் பார்க்க வருகிறவர்கள் லிஃப்ட் ஏறிவிட்டார்கள் என்றதும் ஜாஃபர் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். வாப்பா மௌத்தான பிறகு தங்கை சாதியாவுக்கு அவன்தான் எல்லாம். சிங்கப்பூர் தேக்காவில் கடை போட்டு ஊருக்கெல்லாம் கல்யாணப் புடவை விற்கிறவன். சொந்தத் தங்கைக்கு வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போயின. காரணத்தை யாரும் சொல்லவில்லை. அவனாகவே ஒரு காரணம் வைத்திருந்தான். அந்தக் காரணத்துக்கு நான்கு வயது, பெயர் அர்ஃபான். பெற்ற மகன்.

அர்ஃபானுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பாசிர் ரிஸ் வீட்டின் ஹால் சுவரில், அவன் கை எட்டும் உயரத்தில், படம் போட்ட அட்டைகளை ஒட்டுப்பட்டையில் ஒட்டியிருந்தார்கள். தண்ணீர், பசி, டாய்லெட், வலி. வேண்டியதைப் பிய்த்துக்கொண்டு வந்து கையில் கொடுப்பான். இதைப் பழக்குவதற்குள் அவன் உம்மா ஷமீமா பட்ட பாடு கொஞ்சமல்ல. தண்ணீர் அட்டையை அவன் தானாக எடுத்துக் கொடுத்த அன்று, தண்ணீரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். "அதுதான் அவனோட வாய். எப்பவும் அங்கேயே இருக்கணும்" என்று பயிற்சி நிலையத்து ஆசிரியை மோகனப்பிரியா சொல்லியிருந்தார்.

அழைப்பு மணி அடித்தது. ஷமீமா அடுக்களையில் சமோசா பொரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படப்போவது அந்தச் சுவர்தான். ஜாஃபர் அட்டைகளைப் பரபரவென்று பிய்த்து டிராயரில் தள்ளி மூடினான். அர்ஃபான் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கொஞ்ச நேரம்தான்டா. வாப்பா திரும்ப ஒட்டிடுறேன்." அவனை உள்ளே அனுப்பிவிட்டு வாசற்கதவைத் திறந்தான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். ஜாஃபர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தான். மாப்பிள்ளையின் தாயார் சாயிரா பானு உட்கார்ந்ததும் கேட்டார்: "மவன் எங்கே? பாக்கணுமே."

"அவனுக்குக் காய்ச்சல். உள்ளே தூங்குறான்."

சொல்லி வாய் மூடவில்லை, அர்ஃபான் வந்துவிட்டான். நேராகச் சுவருக்குப் போனான். வெறும் பட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினான். பிறகு வந்து, ஒன்றுமில்லாத கையை வாப்பாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

தண்ணீர்தான் கேட்கிறான் என்று ஜாஃபருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனாலும் பிள்ளையை அள்ளிக்கொண்டு போய் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினான். உள்ளே அவன் வீறிட்டது எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும். ஷமீமா மாவுக் கையோடு ஓடினாள்.

வந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. தேநீர் குடித்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது சாயிரா பானு மெதுவாகச் சொன்னார்: "புள்ள என்ன கேட்டான்னு பாருங்க, தம்பி."

கதவு மூடியதும் சாதியா அண்ணனிடம் வெடித்தாள். "அர்ஃபானைப் பத்தி போன வாரமே நான் அவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், நானா. அவனைப் பாக்கணும்னு அந்த மாமி எவ்வளவு ஆசையா வந்தாங்க தெரியுமா? நீங்க காய்ச்சல்ங்கறீங்க! என் மூஞ்சிய எங்கே வெச்சுக்க?"

"உனக்காகத்தானே..."

"என் பேரைச் சொல்லாதீங்க லா!"

ஷமீமா டிராயரைத் திறந்து அட்டைகளைத் திரும்ப ஒட்டினாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். தாகத்தோடு வந்த பிள்ளையைக் கதவுக்குப் பின்னால் தள்ளினேனே என்று ஜாஃபருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மாலையே வீட்டுக்கு வந்தான். அர்ஃபான் சுவரிலிருந்து தண்ணீர் அட்டையை எடுத்து வந்து நீட்டினான். ஜாஃபருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை மறந்துவிட்டான், நல்லவேளை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தண்ணீரைக் கொடுத்து, அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு, அவனை மடியில் வைத்துக்கொண்டான்.

அழைப்பு மணி அடித்தது. மளிகைச் சாமான் கொண்டு வந்தவர்தான்.

அர்ஃபான் மடியிலிருந்து துள்ளி இறங்கி ஓடினான். சுவரிலிருந்த அட்டைகளை ஒன்று விடாமல் பிய்த்தான். அத்தனையையும் டிராயரில் போட்டு மூடினான். பிறகு திரும்பி வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். புதிதாக எதையாவது சரியாகச் செய்தால் வாப்பா கை தட்டுவார். அதற்காகக் காத்து நின்றான்.