நூற்றிருபதுக்கு எண்பது

பிரஷர் மெஷினை எச்.ஐ.வி. பிரிவுக்குள் கொண்டுவந்தவளே நர்ஸ்தான். இரண்டு வருடம் மனு மேல் மனு போட்டாள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் எதிர்க் கட்டடத்துக்குப் போகச் சொன்னால் யாரும் போவதில்லை. அங்கே, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று நாலு பேர் காதில் விழக் கேட்பார்கள். அதற்குத் தலைவலியே மேல் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மெஷின் வந்தது. பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் வந்தது. கூடுதலாக ஆள் வரவில்லை. ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். வெளியே எண்பது பேர்.

"உள்ள போனவங்க குடியேறிட்டாங்களா சிஸ்டர்?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

பார்த்தாலே நன்றாக இருப்பதாகத் தெரிகிறவர்களுக்கு அளக்காமலே 120/80 என்று எழுதினாள். முதலில் ஒருவருக்கு. பிறகு கை பழகிவிட்டது.

தையல்காரி ஒருத்திக்கு நான்கு முறை அப்படி எழுதியிருந்தாள். பதினொரு வருடமாக ஒரு வேளை மாத்திரையைத் தவறவிடாதவள் அவள். ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தட்டுப்படுவதே இல்லை. அவள் உள்ளே வந்தாலே நர்ஸுக்குத் தன் வேலையின் மேல் ஒரு மரியாதை வரும்.

இன்று தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். போன வாரம் பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். வலது கை தொங்கியது.

டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். "நாலு தடவையும் நார்மல். அதுக்கப்புறம் எச்.ஐ.வி.க்குப் புது மாத்திரை மாத்தினோம், அதுலதான் பிரஷர் எகிறியிருக்கு. பழைய மாத்திரைக்கே போயிடலாம்."

பழைய மாத்திரை தையல்காரியைத் தூங்கவிடாமல் ஆட்டிவைத்த மாத்திரை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நர்ஸ் அதை யோசிக்காமல் இல்லை. யோசித்தாள் என்பதுதான் பிறகு அவளை அதிகம் அறுத்தது.

"அதெல்லாம் நான் அளக்கல டாக்டர்."

"எதெல்லாம்?"

"நாலும். பாக்க நல்லா இருந்தாங்க. எழுதிட்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப மாத்திரைய மாத்த வேண்டாம். மத்தத அப்புறம் பேசுவோம். இப்ப பிரஷர் பாருங்க."

"பாத்தாலே தெரியும்னா மெஷின் எதுக்கு?" என்றாள் தங்கை, யாரையும் பார்க்காமல்.

தையல்காரிக்கு நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்தாள். "தலை கனக்குதுன்னு சொன்னேன் சிஸ்டர். பிரஷர் நார்மல்னீங்க. ஊசில நூல் கோக்க முடியல. கண்ணுதான் போல இருக்குன்னு கண்ணாடிய மாத்தினேன்."

அவள் அப்படிச் சொன்னது நர்ஸுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு, ரொம்ப நேரம் குனிந்து தைக்காதே என்று உரிமையோடு கண்டித்ததும் ஞாபகம் வந்தது.

நர்ஸ் அவளை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். ஐந்து நிமிடம் முழுதாகக் காத்திருந்தாள். வெளியே வரிசை முணுமுணுத்தது. பிறகு, கையில் சுற்றும் பட்டையை எடுத்துக்கொண்டு அருகில் போனாள்.

தையல்காரி இடது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். பதினொரு வருடத்தில் இந்த நர்ஸைத் தவிர வேறு யாரையும் தன்னிடம் ரத்தம் எடுக்க விடாதவள்.

"வேற யாராவது பாக்கட்டும்," என்றாள். குரலில் கோபமே இல்லை.

நர்ஸ் பட்டையை மேஜை மேல் வைத்துவிட்டு, மருந்து கொடுக்கிறவரைக் கூப்பிடப் போனாள்.